இரும்பு டிரம்முக்கு எந்தத் தெர்மாமீட்டர்?

கோழி வெந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று வழி. மதினி காலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார், மூட்டு கழன்று வந்தால் இறக்கிவிடலாம். அண்ணன் தொடையில் கத்தியால் குத்தி, வடிகிற நீர் தெளிந்திருக்கிறதா என்று பார்ப்பார். நான் மணி பார்ப்பேன். ஒன்றரைக் கிலோ கோழிக்கு ஒன்றேகால் மணி நேரம் என்பது என் கணக்கு. இரண்டு வருடத்துக்கு முன் பூஜை விடுமுறையில், பன்னிரண்டு விருந்தினருக்கு மூன்று முழுக்கோழி சுட்டபோது மூன்று வழியும் ஒரே நாளில் பொய்த்துப் போயின. தோல் செம்பு நிறத்தில் மின்னியது. கால் அசைந்து கொடுத்தது. நேரமும் கடந்திருந்தது. தட்டில் வைத்த பிறகு ஓர் அம்மா மெதுவாக என்னைக் கூப்பிட்டு, தொடை இடுப்போடு சேரும் இடத்தைக் காட்டினார். உள்ளே கறி கண்ணாடி மாதிரி பளபளவென்று, பச்சையாக இருந்தது. தொட்டால் வழுக்கியது.

தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். ஆனால் அதற்குள் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டிருந்தார்கள், அதில் இரண்டு பேர் குழந்தைகள். அன்று இரவு நான் தூங்கவில்லை. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பதினாறு வயது மாணவி இறந்துபோனதும், அதற்குப் பிறகு கேரளம் முழுக்கக் கடைகளில் சோதனை நடந்ததும் குமுளியில் சாப்பாட்டுத் தொழில் செய்யும் யாருக்கும் மறக்காது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் எல்லோரும் தேக்கடிப் படகுக்குக் கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி கறி வெந்ததா என்பதைத் தெர்மாமீட்டரிடம்தான் கேட்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வாங்குவது சுலபம் என்று நினைத்திருந்தேன். தேட ஆரம்பித்ததும் அத்தனை வகை! வயர் இல்லாத குச்சி, வயர் உள்ள பெட்டி, போனில் தெரிவது, தனித் திரையில் தெரிவது, வைஃபையில் ஓடுவது. இரவல் வாங்கியும் சொந்தமாக வாங்கியும் பார்த்து, எங்கள் அடுப்புக்கு எது சரி என்று தெரிய ஒரு வருடம் பிடித்தது. உங்கள் அடுப்பும் எங்களுடையது மாதிரி என்றால் அந்த ஒரு வருடம் உங்களுக்கு மிச்சம்.

அடுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு முழுக்க அதில்தான் இருக்கிறது. இருநூறு லிட்டர் டிரம். கம்பம் ஊரில் ஒரு வெல்டிங் பட்டறையில் படுக்கவைத்துப் பாதியாகப் பிளந்து, கீல் வைத்து மூடியாக்கி, கீழே காற்றுக்கு இரண்டு துவாரமும் மேலே ஒரு குழாயும் வைத்துக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த பெயின்ட் முழுக்க எரியும்வரை இரண்டு நாள் வெறும் தீ போட்ட பிறகுதான் கறியே வைத்தோம். எரிக்கச் சிரட்டைக் கரி. புகைக்குக் காப்பிச் செடி கவாத்து செய்யும்போது கிடைக்கும் கட்டை, இல்லாவிட்டால் கொய்யா. தைலமரக் கட்டை எங்கும் சும்மா கிடக்கும், ஆனால் அதன் காட்டமான வாசனை கறியில் ஏறிவிடும், வேண்டாம். டிரம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. அங்கிருந்து அடுப்படிக்குப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தால் போதும், ஆனால் நடுவில் ஒரு ஸ்டோர் ரூமும் இரண்டு ஹாலோபிளாக் சுவரும் இருக்கின்றன. வருடத்தில் பாதி நாள் சாரல் வேறு.

இனி எண்கள். நான் சொல்வதெல்லாம் செல்சியஸ். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு உலகம் முழுக்கப் பரவலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது: கோழி, வாத்து, வான்கோழி எதுவானாலும் உள்ளே 74 டிகிரி, ஆட்டுக்கறி மாட்டுக்கறி கொத்தியது என்றால் 71, ஆடு, மாடு, பன்றி முழுத்துண்டாக இருந்தால் 63, அதோடு இறக்கியபின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். பன்றிக்கு முன்பு 71 என்றுதான் சொல்லி வந்தார்கள், 2011-இல் 63-க்கு இறக்கினார்கள். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும், அதனால் அந்த இடைவெளியில் கறி அதிக நேரம் நிற்கக் கூடாது.

நிறத்தை நம்பவே கூடாது என்பது எனக்குப் புதிய செய்தி. பிராய்லர் கோழி இளசிலேயே அறுக்கப்படுவதால் எலும்பு முழுதாக இறுகியிருக்காது. மஜ்ஜையின் சிவப்பு சுற்றியுள்ள கறியில் இறங்கி, 74-ஐத் தாண்டிய பிறகும் எலும்போரம் சிவப்பாகவே தெரியலாம். புகை பட்ட கறியில் மேலே ஒரு ரோஜா நிற வளையம் வரும், அதுவும் வேகாததன் அடையாளம் இல்லை. எதிர்ப்பக்கம், சில கறி வேகுமுன்பே வெளுத்துப்போய் வெந்த மாதிரி ஏமாற்றும். அன்றைக்கு எங்களை ஏமாற்றியது கோழித் தோலின் நிறம்.

நம் ஊர் நாக்குக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். 63 டிகிரியில் இறக்கிய வெள்ளாட்டுத் தொடையை எங்கள் வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள். நமக்குக் கறி பூப்போல் வெந்து எலும்பைவிட்டுப் பிரிய வேண்டும். அதற்குக் கறிக்குள் இருக்கும் சவ்வு உருகிப் பசையாக வேண்டும், அது 70-க்கு மேல்தான் மெல்ல வேகம் பிடிக்கும், 90 வாக்கில் நன்றாக முடிந்திருக்கும். எனவே எந்தத் தெர்மாமீட்டர் வாங்கினாலும் அலாரம் அடிக்கும் எண்ணை நாமே வைத்துக்கொள்ள முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பல பெட்டிகளில் ஆட்டுக்கறி என்று பட்டனைத் தட்டினால் செம்மறிக் குட்டிக்கான வெளிநாட்டுக் கணக்குதான் வரும், அதில் நன்றாக வெந்தது என்பதே எழுபத்தேழு டிகிரிக்குள் நின்றுவிடும். 90 என்று நாமே வைக்க முடியாத பெட்டி வெள்ளாட்டுக்கு உதவாது.

சரி, தெர்மாமீட்டருக்கு வருவோம்.

முதலில் என் கையில் கிடைத்தது வயரே இல்லாத குச்சி. சித்தி மகன் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, இந்த வகையில் எல்லாமே ஒரே அமைப்புதான். பார்க்க அத்தனை அழகு. பென்சிலைவிடச் சற்று மெல்லிய எஃகுக் குச்சி, முனையில் கறியின் சூட்டைப் பார்க்கும் சென்சார், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்பக்கத்தில் அடுப்புச் சூட்டைப் பார்க்கும் சென்சார், உள்ளேயே பேட்டரி, புளூடூத். கறியில் குத்தி மூடினால் போனில் எண் ஓடும், எத்தனை நிமிடத்தில் வேகும் என்றுகூடச் சொல்லும். இந்த வகையைப் பிரபலமாக்கியது மீட்டர் (Meater) என்ற பிரிட்டிஷ் தயாரிப்பு. 2015-இல் மக்களிடம் முன்பணம் திரட்டி ஆரம்பித்தார்கள், 2021-இல் அமெரிக்க அடுப்புக் கம்பெனியான டிரேகர் அதை வாங்கிவிட்டது. இன்று தெர்மோப்ரோவின் டெம்ப்ஸ்பைக், ஒரே குச்சியில் எட்டு சென்சார் வைத்த கம்பஸ்சன் என்று போட்டி நிறைய.

அன்று இரண்டு கிலோ கோழியில் குத்தி, டிரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூடி திறந்திருந்தவரை எண் துடிப்பாக ஓடியது. மூடியை இறக்கியதும் தடுமாற ஆரம்பித்தது. அடுப்படிக்கு வந்தேன், 58 என்று காட்டியபடியே உறைந்துவிட்டது. இரண்டு நிமிடம் கழித்துத் தொடர்பு இல்லை என்று வந்தது. திரும்பக் கொட்டகைக்குப் போனால் 58-இலிருந்து 66-க்குத் தாவியிருந்தது. சாரலில் குடை பிடித்துக்கொண்டு டிரம் ஓரமாகவே நிற்பதென்றால், வயர் இல்லாத தெர்மாமீட்டர் எனக்கு எதற்கு?

காரணம் புரிந்தபோது கோபம் போய்விட்டது. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய அதே அலையில்தான். அந்த அடுப்பு ஏன் சுற்றிலும் இரும்பாக இருக்கிறது? அலை வெளியே வரக் கூடாது என்பதற்காக. எங்கள் டிரம்மும் இரும்புப் பெட்டிதான், குச்சியின் குரலை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அதோடு இந்த அலையை நீர் உறிஞ்சும், கறியில் முக்கால் பங்கு நீர்தான். குச்சியில் இருக்கும் சின்னப் பேட்டரியால் சத்தமாகக் கத்தவும் முடியாது. மூடி இடுக்கு, காற்றுத் துவாரம், குழாய் வழியாகக் கொஞ்சம் கசியும். அந்தக் கொஞ்சம் இரண்டு சுவரைத் தாண்டவில்லை. முதல் மீட்டர் குச்சிக்குக் கம்பெனி சொன்ன தூரமே பத்து மீட்டர், குச்சியை வைக்கும் பெட்டியே அலையை வாங்கி மறுபடி அனுப்பும் மீட்டர் ப்ளஸ் மாடலுக்கு ஐம்பது மீட்டர். இதெல்லாம் தடுப்பில்லாத வெட்டவெளிக் கணக்கு. பெட்டியை டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தால் நிலைமை தேறும் என்பது உண்மை. தேறியது, ஆனால் நம்பித் தூங்குகிற அளவுக்கு இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். குச்சியின் பின்பக்க சென்சார் அடுப்பு 96 என்றது, அதே நேரம் கம்பி வலையில் தனியாக வைத்த வயர் தெர்மாமீட்டரின் ஊசி 121 காட்டியது. குச்சி பொய் சொல்லவில்லை. குளிர்ந்த கறியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் கறியை ஒட்டியுள்ள காற்றே குளிர்ந்திருக்கும், குச்சி அந்தக் குளிர்ச்சிக்குள் இருக்கிறது. ஆனால் அந்த 96-ஐப் பார்த்து நான் கரியை அள்ளிப் போட்டிருந்தால் கோழி கருகியிருக்கும்.

பேட்டரி குச்சிக்குள் இருப்பதால் வரும் வரம்பும் உண்டு. முதல் தலைமுறைக் குச்சிகள் கறிக்குள் இருக்கும் பகுதியில் 100 டிகிரிவரைதான் தாங்கும், அதனால் கோடு போட்ட இடம்வரை முழுக்கக் குத்தியாக வேண்டும். ஈரக்கறி நூறைத் தாண்டாது என்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. லெக் பீஸ், மீன், கபாப் எதிலும் அவ்வளவு ஆழம் இல்லை. வெளியே நீட்டியிருக்கும் பகுதிக்கு 275 டிகிரி எல்லை. நேரடிக் கரித் தணலுக்கு மேல் அது சுலபமாகத் தாண்டிவிடும். பிறகு வந்த மீட்டர் 2 ப்ளஸ் 500 டிகிரிவரை தாங்கும் என்கிறார்கள், அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது.

இவ்வளவு சொன்னாலும் இந்தக் குச்சியை நான் ஒதுக்கவில்லை. சுழலும் கம்பியில் கோழி கோத்துச் சுடுகிறவர்களுக்கு வேறு வழியே கிடையாது, வயர் நாலு சுற்றில் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடிக் கதவு வைத்த ஓடிஜி மின் அடுப்பில் பிரமாதமாக வேலை செய்யும், கண்ணாடி வழியே அலை வந்துவிடும். மண் அல்லது பீங்கான் உடம்புள்ள அடுப்பிலும் இரும்பு அளவுக்குத் தடை இருக்காது. பக்கத்து வீட்டுச் சேச்சி கிறிஸ்துமஸுக்கு ஓடிஜியில் வாத்து வைப்பார், அவர் கேட்டபோது யோசிக்காமல் இதைத்தான் வாங்கச் சொன்னேன்.

அடுத்தது வயர் உள்ள ஊசி, வெளியே புளூடூத் பெட்டி, எண் தெரிவது போனில். இங்க்பேர்ட் ஐபிடி-4எக்ஸ்எஸ் இந்த ரகம். நான்கு ஊசி, பின்னால் காந்தம், சார்ஜ் போடும் பேட்டரி, வெட்டவெளியில் 150 அடி. இதில் பெரிய விஷயம், அலை கிளம்புவது டிரம்முக்கு வெளியே இருந்து. இரும்பு தடுப்பது நின்றுவிட்டது, மிச்சம் சுவர்கள் மட்டும்தான். என்னைவிட அண்ணனுக்கு இது மிகவும் பிடித்திருந்தது, சூடு ஏறுவதைப் போனில் கோடாகவே பார்க்கலாம். இரண்டு வாரத்தில் வேறொரு சிக்கல் தெரிந்தது. போன் யாருடையதோ அவரிடம்தான் கறி. அண்ணன் கறிவேப்பிலை வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார், போனும் கூடவே போனது. அடுப்படியில் மதினி, கொட்டகையில் நான், இருவருக்கும் எத்தனை டிகிரி என்று தெரியாது. வீட்டில் ஒரே ஆள் சமைப்பவர், போனைக் கீழே வைக்காதவர் என்றால் இந்த வகை மலிவும் நல்லதும் ஆகும். நான்கு பேர் கைமாறிச் சமைக்கும் வீட்டுக்குச் சரிவராது.

வைஃபை வகையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஃபயர்போர்டு 2 மாதிரிப் பெட்டிகள் ஆறு ஊசியைத் தாங்கும், கம்பத்தில் கடையில் இருந்தபடியே குமுளி டிரம்மைப் பார்க்கலாம். ஆனால் மலையில் மழை பிடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் ரவுட்டர் போகும், அந்த நேரத்தில் நமக்கு எண்ணும் போகும். ரவுட்டருக்கு யுபிஎஸ் போட்டிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நாங்கள் கடைசியில் நிலைத்தது பழைய ரகத்தில். வயர் உள்ள ஊசி, டிரம் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர், அடுப்படியில் ஒரு ரிசீவர், நடுவில் ரேடியோ. போன் வேண்டாம், ஆப் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். தெர்மோப்ரோ டிபி20 இதில் பலர் வைத்திருப்பது: இரண்டு ஊசி, வெட்டவெளியில் 300 அடிக்குக் குறையாத தூரம், இரண்டு பெட்டியிலும் திரை, சாதாரண ட்ரிபிள் ஏ பேட்டரி. நான்கு ஊசி வைத்த டிபி829 ஆயிரம் அடி என்கிறது. இந்த வகையில் பெரும்பாலானவை புளூடூத்தைவிடத் தாழ்ந்த அலைவரிசையில் பேசுவதால் சுவரைத் துளைத்துப் போகும் சக்தி அதிகம். எங்கள் இரண்டு ஹாலோபிளாக் சுவரும் ஸ்டோர் ரூமும் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ரிசீவரை மசாலா டப்பா அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறோம். பெரிய எழுத்தில் இரண்டு எண். மேலே கறி, கீழே டிரம். ஒரு ஊசியைக் கறியிலும் இன்னொன்றைக் கம்பி வலையில் கறிக்கு ஒரு சாண் தள்ளிக் கிளிப் போட்டும் வைத்துவிடுவேன். மதினி மாவு பிசைந்துகொண்டே குரல் கொடுப்பார்: "தம்பி, கறி எழுபத்தொண்ணு. டிரம்மு நூத்தஞ்சுக்கு எறங்கிருச்சு, கரி போடுங்க." டிரம் சூடு நாம் வைத்த எல்லைக்குக் கீழே இறங்கினாலும் அலாரம் அடிக்கும், மேலே ஏறினாலும் அடிக்கும். இந்தக் கீழ் எல்லை அலாரம் இருக்கிறதா என்று வாங்குமுன் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் நீண்ட சமையலில் கறியைக் கெடுப்பது பெரும்பாலும் அணையும் கரிதான். மூடியில் பதித்து வரும் வட்டக் கடிகாரத் தெர்மாமீட்டரை நம்பி இருக்காதீர்கள். அது இருப்பது மேலே, கறி இருப்பது கீழே. எங்கள் டிரம்மில் இரண்டுக்கும் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வரவழைக்கிறவர்கள் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்காகச் செய்யும் ரேடியோ மாடல்கள் சில 915 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அங்கே அது எல்லோருக்கும் திறந்த அலைவரிசை, இங்கே இல்லை. அதற்கு அருகில் நம் நாட்டில் உரிமமில்லாமல் சின்னக் கருவிகளுக்கு விட்டிருப்பது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. அட்டைப்பெட்டியின் பின்பக்கம் அலைவரிசை அச்சடித்திருக்கும், பார்த்து வாங்கச் சொல்லுங்கள். புளூடூத்துக்கும் வைஃபைக்கும் இந்தக் கவலை இல்லை.

வயர் வகைக்கும் பலவீனம் உண்டு, ஊசியும் வயரும் சேரும் கழுத்தில். அந்த இடத்தில் தண்ணீர் போனால் எண் தாறுமாறாக ஓடும். ஊசியைக் குழாயடியில் பிடித்துக் கழுவக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து, பிறகு வெந்நீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். எங்கள் முதல் ஊசி போனது அப்படித்தான், பாத்திரத் தொட்டியில் ஓர் இரவு ஊறிவிட்டது. வயரின் எஃகுப் பின்னல் 380 டிகிரிவரை தாங்கும் என்று போட்டிருக்கும், ஆனால் கொழுப்பு சொட்டித் தீ எழும்பும் இடத்தில் அதைப் படவிடாதீர்கள். மூடி விளிம்பில் நசுங்காமல் இருக்க, டிரம்மின் ஓரத்தில் ஒரு அரைவட்டப் பள்ளம் போட்டுக்கொண்டோம். பட்டறையில் ஐந்து நிமிட வேலை. நல்ல விஷயம், ஊசி தனியாகக் கிடைக்கும், போனால் ஊசியை மட்டும் மாற்றலாம். வயரில்லாக் குச்சியில் பேட்டரி செத்தால் முழுக் குச்சியும் போச்சு.

விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க விலையில் மீட்டர் ப்ளஸ் ஒரு குச்சி சுமார் நூறு டாலர். டிபி20 இரண்டு ஊசியோடு அதில் பாதிக்குச் சற்று மேல். இங்கே விலை ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறினாலும் அந்த விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். மிச்சப்படும் பணத்தில் கையில் பிடித்துக் குத்திப் பார்க்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றையும் வாங்கிவிடுங்கள். இது ஆடம்பரம் இல்லை. கறியில் நிலையாக இருக்கும் ஊசி ஒரே இடத்தைத்தான் சொல்லும். கோழியில் நெஞ்சு 74 வந்த பிறகும் தொடை இடுக்கு 66-இல் நிற்கலாம், எங்களுக்கு அன்று நடந்தது அதுதான். அலாரம் அடித்ததும் கைத் தெர்மாமீட்டரால் நெஞ்சு, இரண்டு தொடை இடுக்கு, முதுகோரம் என்று நாலு இடம் குத்திப் பார்க்கிறோம். எலும்பில் முனை முட்டினால் அந்த எண்ணை விட்டுவிட்டு, சற்று இழுத்து மறுபடி பார்க்க வேண்டும். தெர்மாபென் ஒன் ஒரு நொடியில் காட்டும், விலையும் அதற்கேற்றது. மூன்று நான்கு நொடி எடுக்கும் மலிவானதே வீட்டுக்குப் போதும். லெக் பீஸுக்கும், கரியில் சுடும் அரபுக் கோழியான அல்ஃபஹாமுக்கும் இது ஒன்று மட்டுமே போதும், அவற்றில் வேறெதையும் குத்த இடமில்லை.

எது வாங்கினாலும் முதல் நாளே சோதித்துப் பாருங்கள். ஒரு பெரிய டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஊசியை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீர்ச் சோதனையில்தான் மலைக்காரர்கள் ஏமாறுவோம். ஊசியைக் கொதிக்கிற நீரில் வைத்தபோது 97-இல் நின்றது, பழுது என்று திருப்பி அனுப்பவே பெட்டியில் போட்டுவிட்டேன். பழுது இல்லை, குமுளி உயரம். கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் ஏற ஏறக் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். குமுளி சுமார் 900 மீட்டர், அதனால் 97 சரியான விடை. கீழே கம்பம் சுமார் 400 மீட்டர், அங்கே 98.7 வாக்கில் காட்டும். மூணாறு 1500 மீட்டர், 95-இலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். ஐஸுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, எங்கும் 0-தான். அதனால் நான் ஐஸையே நம்புகிறேன், மாதம் ஒரு முறை பார்க்கிறேன்.

எண் ஓடாமல் நின்றாலும் தெர்மாமீட்டரைச் சந்தேகப்படாதீர்கள். முதல் தடவை இரண்டரைக் கிலோ வெள்ளாட்டுத் தொடையை 115 டிகிரியில் புகையில் வைத்தபோது, 68 வரை சரசரவென்று ஏறிய கறி அங்கேயே நின்றது. அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி. 68, 69, 68. மதினி ரிசீவரைத் தட்டிப் பார்த்தார், நான் பேட்டரியை மாற்றினேன். கறியின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவது, நாம் வியர்த்தால் உடம்பு குளிர்வது மாதிரி கறியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. அடுப்பு கொடுக்கும் சூடும் ஆவி எடுக்கும் சூடும் சமமாகும்போது எண் நின்றுவிடும். பெரிய துண்டுகளில் 65-க்கும் 75-க்கும் நடுவில் இது வரும். கரியைக் கூட்டக் கூடாது. நாங்கள் தொடையை எடுத்து வாட்டிய வாழையிலையில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, மேலே அலுமினியத் தாள் போட்டு, ஊசியை அதே துளையில் திரும்பக் குத்தி வைத்தோம். ஆவி வெளியேற வழி அடைபட்டதும் எண் நகர ஆரம்பித்தது. 90-இல் அலாரம். இலையைப் பிரித்தபோது இலை வாசனையும் காப்பிக்கட்டைப் புகையும் சேர்ந்து வந்ததை அடுப்படியில் நின்ற ஐந்து பேரும் இன்னும் பேசுகிறோம். எலும்பைப் பிடித்து அண்ணன் லேசாகத் திருகினார், கறி தட்டிலும் எலும்பு கையிலும் நின்றன.

குழிமந்தி, அதாவது குழிக்குள் வேகும் அரபுச் சோறும் கறியும், போடும் நண்பர் ஒருவர் எந்த வகை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். மண்ணுக்குள் குழி, மேலே இரும்பு மூடி, அதற்கு மேல் மண். வயரில்லாக் குச்சி அங்கே வாயே திறக்க முடியாது. வயர் ஊசி ஒன்றைக் கறியிலும் ஒன்றை அரிசிக்கு மேலேயும் வைத்து, மூடி விளிம்பில் நனைத்த கோணித் துணிக்கு நடுவே வயரை வெளியே எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரிசீவரையே எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போகிறேன். குழி ஆரம்பத்தில் 300-ஐத் தாண்டும் என்பதால், தணல் அடங்கிய பிறகே ஊசியை இறக்க வேண்டும்.